உட்காராத சம்பந்தி

மாப்பிள்ளை வீட்டார் வந்து முக்கால் மணி நேரம் ஆகியும் பெண்ணின் வாப்பா நஜ்முதீன் உட்காரவே இல்லை.

“நீங்களும் உக்காருங்க சம்பந்தி” என்றார் மாப்பிள்ளையின் வாப்பா ஹமீது.

“இருக்கட்டுங்க. கோட்டுச்சேரியிலேருந்து எங்க வீடு தேடி வந்திருக்கீங்க. உங்க முன்னாடி நான் உக்காரலாமா?”

“மாஷா அல்லாஹ்! இந்த மரியாதைக்காகவே இங்க பொண்ணு எடுக்கலாம்” என்றார் ஹமீதின் மனைவி.

நஜ்முதீனின் மனைவி சித்திக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. “துபாய்லேருந்து வந்த இந்த ஒரு மாசமா யார் வந்தாலும் இவங்க நின்னுக்கிட்டேதான் பேசுறாங்க. தன் கைலியக்கூட என்கிட்ட தர்றதில்ல, தானே தொவச்சுக்கிறாங்கன்னா பாத்துக்குங்க!”

நஜ்முதீன் தலையைக் குனிந்துகொண்டார். ஹமீது அவரையே உற்றுப் பார்த்தார்.

மாப்பிள்ளையின் உம்மாவைப் பெண்ணிடம் விட்டுவிட்டு, டீத் தட்டோடு திரும்பிய சித்திக்கா கதவருகே அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே ஹமீது தணிந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பவுத்திரந்தானே சம்பந்தி?”

நஜ்முதீனுக்கு வியர்த்துவிட்டது. “மூலம்னு நெனச்சு களிம்பு தடவிக்கிட்டிருக்கேன். உக்காந்தா உயிர் போவுது, சீழும் நிக்க மாட்டேங்குது.”

“களிம்புக்கெல்லாம் ஆறாதுங்க. ஸ்கேன் எடுத்து, உள்ள வழி எங்க போவுதுன்னு பாத்து ஆபரேஷன் பண்ணணும். நான் பண்ணிக்கிட்டு ஒரு வருஷமாச்சு. நாளைக்கே என் டாக்டர்கிட்ட போவோம்.”

“அதுசரி, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

ஹமீது மர நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து காட்டினார்.

“நானும் ரெண்டு வருஷம் ஊருக்கே இந்த மரியாதையக் குடுத்தவன்தாங்க!”