திருப்பி அனுப்ப வேண்டிய மெஷின்

மாலை சரியாக ஏழு மணிக்கு, வாக்கிங் முடித்த அகஸ்டின் வீட்டுக்குள் கால் வைத்தார். மூலையில் காற்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஏர் ப்யூரிஃபையரின் பச்சை விளக்கு, காற்று கெட்டுவிட்டது என்று உடனே சிவப்பானது. மெஷின் சத்தம் போட ஆரம்பித்தது.

"பாத்தியா அல்போன்சா, இன்னிக்கும் கத்துது. ஓட்டை மெஷின். நாளைக்கே திருப்பி அனுப்பிடலாம்."

டெல்லிக் குளிரில் பிள்ளைகள் இருமாமல் தூங்கியது அது வந்த இந்த ஒரு வாரம்தான். அல்போன்சாவுக்கு அதை இழக்க மனமில்லை.

"மெஷின் மேல தப்பு இருக்காதுங்க."

"அப்ப உன் தாளிப்புதான்."

"அடுப்பே பத்த வைக்கல. மத்தியானம் வெச்ச குழம்புதான்."

"பக்கத்து வீட்டு ஊதுவத்தி?"

"சர்மாஜி வீடு பூட்டிக் கிடக்கு. கல்யாணத்துக்கு ஜெய்ப்பூர் போயிருக்காங்க."

"அச்சா, அப்ப மெஷின்தான் ரிப்பேர்" என்று அவர் அட்டைப்பெட்டியைத் தேடினார்.

அல்போன்சா யோசித்தாள். "கொஞ்சம் வெளியே போய் நில்லுங்க."

மாடிப்படியில் அவர் நடுங்கியபடி நின்றார். சற்று நேரத்தில் விளக்கு பச்சையானது. உள்ளே அழைத்ததும் மறுபடி சிவப்பு.

"ஸ்வெட்டரைக் கழட்டி வெளியே போட்டுட்டு வாங்க."

அப்போதும் சிவப்புதான்.

"இப்ப மெஷின் பக்கத்துல வந்து ஊதுங்க."

"நான் என்ன, குடிச்சிட்டு வண்டியா ஓட்டிட்டு வந்தேன்?"

"ஊதுங்க."

ஊதினார். மெஷின் அலறியது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அல்போன்சா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"சிகரெட்டை விட்டுட்டேன்னு வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டுட்டு வந்தீங்களே, மாதாவுக்குக் குடுத்தது முடி மட்டும்தானா?"