தோரில் வைத்த டிஸ்க்

அறையில் நாங்கள் மூன்று பேர். புருல் அக்கா அடுப்பை ஒட்டி. அவள் கணவர் இமானாலி அண்ணன் வாசலோரம், கணினிக்கு முன்னால். தபால்காரியான நான் அவருக்குப் பக்கத்தில், பிரித்த கடிதத்துடன்.

தோரில், அதாவது வாசலுக்கு நேரெதிரே மதிப்புக்குரியவர்களை உட்கார வைக்கும் இடத்தில், மெத்தைமேல் ஹார்ட் டிஸ்க் இருந்தது.

உள்ளங்கை அளவுதான். அடியில் அக்கா பூவேலைத் துணி விரித்திருந்தாள்.

அவர்கள் மகன் உலான் இறந்து நாளையோடு ஒரு வருடம். வருட நினைவு விருந்துக்குக் குதிரை அறுத்தாயிற்று. அவனுடைய போன் அவனோடு போய்விட்டது. அவன் குரல் மிச்சமிருப்பது அந்த டிஸ்க்கில் மட்டும்தான்.

அது ஓடவில்லை. விளக்கு மினுங்கும், டிக் டிக் என்று சொடுக்கும், அடங்கிவிடும். சந்தையில் ஒருவன் தொட்டுக்கூடப் பார்க்காமல் "செத்துப்போச்சு" என்றானாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் அக்கா எழுந்து வந்துவிட்டாள்.

அண்ணன் சொல்லி, மக்சாத்துக்கு நான் எழுதிக் கேட்டேன். உலானோடு சேர்ந்து கணினிக் கடை வைத்திருந்தவன். பதில் இன்று காலைத் தபால் பையில் வந்தது. உறையின் மேலேயே 'டிஸ்க்கை ஓட வைக்கும் வழி உள்ளே' என்று பெரிதாக எழுதியிருந்தான்.

நான் படித்தேன். அண்ணன் செய்தார்.

ஒன்று: சுட்டியைத் தவிர, கணினியில் செருகியிருக்கும் மற்றதையெல்லாம் பிடுங்கவும். பிடுங்கினார். டிக், டிக்.

இரண்டு: முன்பக்கத் துளை வேண்டாம், பின்பக்கம் செருகவும். செருகினார். விளக்கு கொஞ்ச நேரம் கூடுதலாக எரிந்து அணைந்தது.

அக்கா அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

மூன்றாவதை எனக்குள் ஒருமுறை படித்துவிட்டுத்தான் உரக்கப் படித்தேன்.

'அம்மா, உங்களை எனக்குத் தெரியும். அதைத் தோரில் உட்கார வைத்து, அவ்வளவு தூரத்துக்கும் வயரை நீட்டியிருப்பீர்கள். போய்ச் சேர்வதற்குள் மின்சாரம் தேய்ந்துவிடும், உள்ளே தட்டு சுழலத் தெம்பிருக்காது. டிஸ்க் சாகவில்லை. பட்டினி கிடக்கிறது. கூட வந்த குட்டை வயரில் மாட்டி, கணினியை ஒட்டி வையுங்கள். அதற்கு மரியாதை வேண்டாம், மின்சாரம் வேண்டும்.'

மூவரும் வயரைப் பார்த்தோம். ஐந்து மீட்டர்.

"செருப்பு கெடக்குற எடத்துலயா? எம் புள்ளையையா?" என்றாள் அக்கா.

"உசுரோட இருந்தப்ப எங்கடி உக்காந்தான்?" என்றார் அண்ணன். "பெரியவங்க முன்னாடி தோர்ல ஏறி உக்காந்துட்டானாக்கும்! இங்கதான், செருப்போட செருப்பா. தண்ணி கொண்டாடான்னா மொத ஆளா ஓடணும்ல?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே எழுந்து, டிஸ்க்கை இரண்டு கையாலும் எடுத்து வந்து கணினிக்குப் பக்கத்தில் வைத்தாள். குட்டை வயரை அவளே மாட்டினாள்.

சொடுக்கவில்லை. மெல்லிய ரீங்காரம். விளக்கு அப்படியே நின்று எரிந்தது.

திரையில் ஆட்டு மந்தை. உலானின் முகம் அதில் இல்லை, படம் பிடித்தவன் அவன். குரல் மட்டும்.

"ஏய் கோணக்கொம்பா, நேரா நட! எங்கம்மா பாக்குறாங்கல்ல!"

நான்கு முறை போட்டுக் கேட்டோம்.

பிறகு அக்கா என்னிடம், "எழுது" என்றாள். முதல் இரண்டும் பலிக்கவில்லை, மூன்றாவது பலித்தது என்று வரிசையாக எழுதச் சொன்னாள். குரல் தெளிவாக இருக்கிறது என்றும். கடவுள் உனக்கு நல்லது செய்யட்டும் என்றும். தொடக்கத்தில் 'மகனே' என்று போடச் சொன்னாள்.

என் பேனா ஒரு கணம் நின்றது. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு போட்டேன்.

உறையில் முகவரி எழுதினேன். பெயர், கைதி எண், சிறை.

உலான் இறந்த அன்று, மலைப்பாதையில் அவனை ஏற்றிக்கொண்டு வண்டியை ஓட்டியவன் மக்சாத். உள்ளே போனதிலிருந்து இந்த வீட்டுக்குப் பதினோரு கடிதம் எழுதிவிட்டான். பத்தை அக்கா பிரிக்காமலே என் பையில் திருப்பிப் போட்டிருக்கிறாள்.

பசையை ஈரப்படுத்தப் போனேன். அக்கா உறையை வாங்கி, தானே நாவால் தடவி, விரலால் இரண்டு முறை அழுத்தி ஒட்டித் தந்தாள்.

மூன்று மணி வண்டியில் அதை ஏற்றிவிட்டேன்.