கோழிக்கு ஒரு சொற்பொழிவு

மழை பெய்தால் மண் ஏன் மணக்கிறது என்று மண்புழு மூன்று வருஷம் ஆராய்ந்து முடித்தது. கேட்கத்தான் ஆளில்லை.

அறிஞர்கள் பேசும் விதத்தையே ஆராய்கிற மரவட்டை சொன்னது: "பொந்துக்குள்ளயே முனகினா யாரு சார் கேப்பா? வெளிய போய் ஜனங்க முகத்தைப் பார்த்துப் பேசுங்க."

மண்புழு வெளியே வந்தது. ஒரு கோழி ஓடிவந்து, கொத்துவதற்கு அலகைத் திறந்தது. ஆர்வத்தில் வாயைப் பிளக்கிறாள் என்று பூரித்துப்போன மண்புழு உடனே ஆரம்பித்துவிட்டது.

"முதற்கண், மண் எனப்படுவது யாது? அஃது ஒன்பது வகைப்படும்…"

ஆறாவது வகையில், திறந்த அலகு கொட்டாவி விட்டது.

"ஐயையோ, இதை முழுங்கினா வயித்துக்குள்ள போயும் பேசுமே!" என்று கோழி ஓட்டம் பிடித்தது.

"அக்கா, நில்லுங்க! இன்னும் முன்னுரையே முடியலை!" என்று மண்புழு கோழியைத் துரத்திக்கொண்டு ஊர்ந்தது.