பெருமாள் கையில சாவி

"தம்பி, நாளைக்குக் கடைசி தேதி. ஆவுமா ஆவாதா, ஒரே வார்த்தையில சொல்லு."

அன்வரி பேகம் பேரணாம்பட்டுலேர்ந்து பஸ் ஏறி, சத்துவாச்சாரியில இருக்கற நம்ம பிரவுசிங் சென்டருக்கு வந்து உக்காந்துட்டாங்க. பீடி சுத்தற பொம்பளைங்க எரநூறு பேருக்கு அடையாள அட்டை வாங்க அப்ளிகேஷன். பிரிண்ட் குடுத்தா, ஒரு எழுத்து மடியில இன்னொரு எழுத்து ஏறி உக்காந்து ஷேர் ஆட்டோ மாதிரி வருது.

தமிழ்ல அடிச்சு பிரிண்ட் எடுக்கற அந்த சாஃப்ட்வேரு ரெனால்டும் ஷாஜினும் சேந்து செஞ்சது. சும்மாவே குடுக்கறாங்க. ஊர் ஊரா இன்னும் பத்து பேரு மெயில்லயே அதுக்கு வேலை செய்யறாங்க. சம்பளம் இல்ல, மொதலாளி இல்ல. சண்டை மட்டும் ஓவர்டைம்.

ரிப்பேரு பண்ணி யாரு வேணா அனுப்பலாம். ஆனா அதை உள்ள சேக்கற பாஸ்வேர்டு, சாவின்னுவாங்க, அது இவங்க ரெண்டு பேர்கிட்டதான்.

போன மாசம் ஷாஜின், "ரெனால்ட் எழுதினது கோணத் தையல் போட்ட ஷூ மாதிரி இருக்கு"ன்னு எல்லாருக்கும் போற மெயில்ல போட்டுட்டான். ஆம்பூர் ஷூ கம்பெனியில வேலை பாக்கறவன், வேற இன்னா சொல்லுவான்.

ரெனால்ட் கம்ப்யூட்டர் வாத்தியாரு. தப்பு கண்டுபிடிக்கறது அவன் தொழிலு, அவன்கிட்டயேவா? ஷாஜினோட சாவியைப் புடுங்கிட்டான். அதுலேர்ந்து ஷாஜின் பேர்ல எது வந்தாலும் படிக்காமயே அழிக்கிறான்.

இப்ப அன்வரி பக்கத்துல உக்காந்து ரெனால்ட் ரெண்டு மணி நேரமா தட்டறான், எழுத்து எறங்க மாட்டேங்குது. ஷாஜின் அதே சென்டர்ல மூலை கேபின்ல, ஹெட்போன் மாட்டிக்கிட்டு முதுகைக் காட்டி உக்காந்திருக்கான்.

"அவன் ஒன் தோஸ்த்துதானே? கேளேன்"னாங்க அன்வரி.

"அவனைக் கேக்கறதுக்கு, எரநூறையும் கையாலயே எழுதிக் குடுக்கறேம்மா."

"எழுது. பேனா இந்தா."

ரெனால்ட் பேனாவைப் பாத்தான். வாங்கல.

எனக்கே பேஜாரா போச்சு. மூலைக்குப் போயி, "ஏம்பா, அந்தம்மா பேசறது ஒன் காதுல விழலியா?"ன்னேன்.

ஷாஜின் ஒத்தைக் காதைத் தொறந்தான். "சாவி இல்லாதவன்கிட்ட இன்னாண்ணே பேச்சு?"

மறுபடி மூடிக்கிட்டான். கல்நெஞ்சக்காரன்.

கால் மணி நேரத்துல ரெனால்ட் எழுந்தே நின்னுட்டான். "ரிப்பேரு வந்துடுச்சுண்ணே. பெருமாள்னு ஒருத்தரு. இந்த மாசத்துல அவரு அனுப்பறது ஆறாவது. ஒண்ணு கூட சொத்தை இல்ல."

சேத்தான். பிரிண்டர் கத்திச்சு. எழுத்தெல்லாம் ஸ்கூல் பிரேயர்ல நிக்கற புள்ளைங்க மாதிரி எடம் விட்டு நின்னுச்சு.

அன்வரி கண்ணு கலங்கி, எரநூறையும் பையில வெச்சாங்க. "அல்லா அந்தப் பெருமாளை நல்லா வெக்கட்டும்."

அவங்க போனதும், ரெனால்ட் மூலைக்குக் கேக்கற மாதிரி சத்தமா படிச்சிக்கிட்டே மெயில் அடிச்சான்.

"பெருமாள் சார், மூஞ்சி தெரியாத நீங்க செஞ்சீங்க. கூடவே இருந்தவன் செய்யல. இன்னைலேர்ந்து சாவி ஒங்ககிட்ட. ஒரே கண்டிஷன். ஷாஜின்னு ஒருத்தன் எதாவது அனுப்பினா, சேக்கவே கூடாது."

நான் மூலை கேபினுக்கு டீ எடுத்துட்டுப் போனேன். அந்த மெயிலு அங்கதான் வந்து விழுந்துச்சு.

ஷாஜின் என்னைப் பாத்து ஒதட்டுல வெரலை வெச்சிட்டு, பதில் அடிச்சான்.

"சரிங்க சார். அந்த ஆளு சகவாசமே நமக்கு வேணாம். இப்படிக்கு, பெருமாள்."