பதினேழாம் நம்பர்

அறிவுச்செல்வி திரும்பி வந்து பார்த்தபோது புளியமரத்தடியில் ஈ காக்கா இல்லை. அவளுடைய சைக்கிள் மட்டும் மரத்தில் சாய்ந்து நின்றது.

மற்ற இருபத்தைந்து சைக்கிள்களையும் காணோம். பைகளை ஏற்றிவந்த வேனையும் காணோம். அவள் போன் அந்த வேனுக்குள்தான் இருந்தது.

அப்படி எவ்வளவு நேரம் போய்விட்டாள்? மிஞ்சிப்போனால் பதினைந்து நிமிஷம். ஆண்களுக்கென்ன, மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். அவள் சித்தையன்கோட்டைத் தெருவுக்குள் நடக்க வேண்டியிருந்தது. மூன்று வீட்டில் முழித்துப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள், நாலாவது வீட்டு அம்மாள்தான் இடம் கொடுத்தாள். அதுவும் பாத்ரூமைக் கழுவிவிட்டுத்தான் விட்டாள். போகும்போது கேப்டன் ஆனந்த்ராஜிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவரும் தலையை ஆட்டினார்.

கம்பத்திலிருந்து திருச்சி வரை நாலு நாள் சைக்கிள் பயணம். இன்று மூன்றாம் நாள். யாரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது கேப்டன் போட்ட முதல் சட்டம். ஒவ்வொரு இடத்திலும் கிளம்பும் முன் ஒன்றிலிருந்து இருபத்தாறு வரை அவரவர் நம்பரை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். ஒரு நம்பர் குறைந்தாலும் ஒரு சக்கரம் உருளாது.

அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் விட்ட பக்கத்துத் தோட்டத்துப் பம்புசெட்டுக்காரர் கருப்பணன் வாய்க்காலில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“எண்ணிட்டுத்தானம்மா போனாக. இருபத்தாறும் சரியா வந்துச்சே!”

“பதினேழு நானு. அதை யாருண்ணே சொன்னது?”

“அதை எங்க கண்டேன்? ஏதோ ஆம்பளக் குரல்.”

ஆம்பளக் குரலா! அவளுக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. அவள் நம்பரைச் சொல்ல எவனுக்கு அவ்வளவு திமிர்?

ஐந்து மணிக்குத் திண்டுக்கல் மணிக்கூண்டில் மந்திரி தலைமையில் வரவேற்பு. ஒவ்வொரு பெயராக மைக்கில் படித்துச் சால்வை போடுவார்கள். அவளிடம் தையல் படிக்கும் பெண்களெல்லாம் வந்து நிற்பார்கள். மூன்று நாளாக வேனில் காலை வைக்காமல் மிதித்தது எதற்கு? சொந்த ஊருக்குள் அந்த வரிசையோடு சைக்கிளில் நுழையத்தான்.

மிதித்தாள். செம்பட்டியில் மெயின் ரோட்டைப் பிடித்தாள். மேல்காற்று முதுகைத் தள்ளியது. அன்றைக்கு அவள் பக்கம் இருந்தது அது ஒன்றுதான்.

பதினாறாம் நம்பர் ரஃபியாகத்தான் இருக்கும். தோல் மண்டி வைத்திருக்கிற பெரிய மனுஷன், ஆனால் மூன்று நாளாக வாயைத் திறந்தால் கேலிதான். விளையாட்டுக்கு ஒரு அளவு வேண்டாமா? கேப்டன் காதுக்குப் போனால் ஆளை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அவருக்குச் சட்டம் என்றால் சட்டம்.

ஒரு லாரி உரசுகிற மாதிரி ஒதுக்கிவிட்டுப் போனது. சைக்கிள் மண்ணில் இறங்கி வழுக்க, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு எழுந்தாள். இங்கேயே அடிபட்டுக் கிடந்திருந்தால்? தேடி ஒருத்தரும் வந்திருக்க மாட்டார்கள். இருபத்தாறு பேரும்தான் கிளம்பிவிட்டார்களே!

மணிக்கூண்டைத் தொட்டபோது மணி ஐந்தே முக்கால். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தையல் பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம்.

சைக்கிளைப் போட்ட கையோடு ரஃபியைப் பிடித்தாள்.

“சத்தியமா நான் இல்லக்கா! பதினாறு சொன்னேன், அம்புட்டுத்தான்.”

அவருக்குப் பின்னால் நின்ற ஷமா, பதினெட்டாம் நம்பர், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“கேப்டன்தான்க்கா சொன்னாரு. நான் நிறுத்திட்டுத் திரும்பிப் பார்த்தேன். ‘அவ வந்துருவா, நீ பதினெட்டு சொல்லு’ன்னாரு.”

அறிவுச்செல்வி மேடைப் பக்கம் திரும்பினாள்.

ஆனந்த்ராஜ் மேடையிலிருந்து இறங்கி வந்தார். தோளில் இரண்டு சால்வைகள் கிடந்தன. ஒன்றை உருவி நீட்டினார்.

“வந்துட்டியா? இந்தா, உன்னோடது. பேரைப் படிச்சாங்க, நானே வாங்கிட்டேன்.”

“என் நம்பரை நீங்க எப்படிச் சொல்லலாம்?”

“மந்திரிக்கு நேரமாச்சுன்னு போன் மேல போன். வேற யாருன்னாலும் நின்னுருப்பேன்ல? கட்டுன பொண்டாட்டி எங்க போயிரப்போற? எப்படியும் வீட்டுக்குத்தான வந்து சேரணும்!”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேரும் சிரித்தார்கள்.

வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். அறிவுச்செல்வி சால்வையைத் தொடவில்லை. ஷமாவின் பக்கம் திரும்பி, பெண்கள் தங்குகிற மண்டபத்தில் இன்னொரு பாய் போட இடமிருக்குமா என்று கேட்டாள்.