எலிக்கு நோகாத கூண்டு

“இன்னிக்கும் தப்பிச்சிருச்சா?” என்றாள் மனைவி, தேநீரை நீட்டியபடி.

“வச்ச ரொட்டியையும் தின்னுட்டுல்ல போயிருக்கு” என்றான் கூண்டு செய்பவன். எலியைக் காயப்படுத்தாமல் உயிரோடு பிடிக்கும் கூண்டு அது. தாழ்ப்பாளை மாற்றி மாற்றி அவனுக்குக் கை ஓய்ந்துவிட்டது. “நாளைக்கு மொத்த வியாபாரி வர்றாரு. நிக்காத தாழ்ப்பாளை அவர் தலையில கட்ட முடியுமா? கடையை மூட வேண்டியதுதான்.”

“முதல்ல போய்க் கொஞ்சம் தூங்குங்க. முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு.”

அவன் கேட்கவில்லை. கதவு விழுந்ததும் தானே பூட்டிக்கொள்ளும் ஒரு பூட்டைப் பொருத்திவிட்டுத்தான் படுத்தான்.

காலையில் மனைவி உலுக்கி எழுப்பினாள். “கூண்டுச் சாவி எங்கேங்க?”

“உனக்கெதுக்கு?”

“அது குட்டி போட்ட எலி. பரண்ல குட்டிங்க பசியில கத்துது. தினமும் நான்தான் திறந்து விடுறேன்.”

அவன் எழுந்து உட்கார்ந்தான். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

“அப்போ அந்தப் பழைய தாழ்ப்பாள்?”

“அதுவா? கல்லு மாதிரி நின்னுச்சு. திறக்கிறதுக்குள்ள என் நகமெல்லாம் போச்சு.”

அவன் சாவியை எடுத்து நீட்டினான்.

“வியாபாரி வந்ததும் முதல்ல அந்த நகத்தைக் காட்டு.”