பெஞ்சில் உட்கார்ந்தவள்

திருவாரூர்ப் பக்கத்து ஊர் நூலகத்தில், ஜன்னல் கம்பிகளின் நிழல் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. நடவு முடித்து வந்த அம்சம், காலில் சேறு காயாமலே, பெஞ்சில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளை எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். பண்ணை நிலங்களைக் கவனிக்கும் காரியக்காரர் வாசலில் வந்து நிற்கிறார். "ஒனக்குப் பெஞ்சு கேக்குதா? எழுந்திரு. இல்லேன்னா நாளைக்கு நடவுக்கு வராதே." மகள் எழப் போகிறாள். அம்சம் அவள் கையைப் பிடித்து உட்கார வைக்கிறாள். "இங்க சத்தம் போடக் கூடாதுங்க" என்று காரியக்காரரிடம் சொல்கிறார் நூலகர் ஜேசுராஜ். அம்சத்தின் விரல் தலைப்புச் செய்தியின் மேல் நகர்கிறது. "நி...ல... உச்...ச..." என்று அவள் உரக்கவே வாசிக்கிறாள். நூலகர் அவளைத் தடுக்கவில்லை. அடுத்த சொல்லில் அவள் திணற, மகள் நிமிர்ந்து, காரியக்காரரின் முகத்தை நேராகப் பார்த்து, அம்மாவைவிட உரக்க முடிக்கிறாள்: "வரம்புச் சட்டம்!"